பார்த்தினன் கோயிலும் பாதாளத்துத் தெருவும்

கிரேக்க தேசத்தைக் காண வேண்டும் என்ற ஆவல் பள்ளிக்கூடத்துச் சரித்திர பாடத்திலேயே என் உள்ளத்தில் குடி புகுந்தது. அது நிறைவேறியதோ என் தமையனார் மகளின் தயவினால். அவள் அமெரிக்காவில் ஒரு கலாசாலையில் வாசிக்கிறாள். கோடை விடுமுறையில் சில மாணவர்களை ஆசிரியர் ஒருவருடன் வெளிநாட்டுக்கு அனுப்பி, அந்தந்த ஸ்தலத்திலேயே பாடம் நடத்துவது அங்கே வழக்கம். இந்தத் தடவை பன்னிரண்டு பேர். பாடம், புராதன கிரேக்கமும் பைஸாந்திய சாம்ராஜ்யமும். "சித்தப்பா, ஆசிரியை அம்மாளிடம் அனுமதி வாங்கிவிட்டேன். நீங்களும் வாருங்கள். செலவு மட்டும் உங்களுடையது" என்று எழுதியிருந்தாள். கடிதத்தின் கடைசி வாக்கியம் சிறிது வருத்தம் அளித்தாலும், புறப்பட்டுவிட்டேன்.

ஏதென்ஸ் நகரின் நடுவே நிற்கும் அக்ரோபொலிஸ் குன்றின்மேல் காலை எட்டு மணிக்கே ஏறினோம். எண்ணற்ற பாதங்கள் தேய்த்துத் தேய்த்துப் பாறை கண்ணாடி போல் வழுக்குகிறது. உச்சியில் பார்த்தினன் கோயில். கி.மு. 447-ல் தொடங்கி 432-ல் பூர்த்தியான வேலை. பெரிக்ளிஸ் தலைமை வகித்த காலம். இக்டினஸ், காலிக்ராட்டிஸ் என்போர் ஸ்தபதிகள். சிற்பங்களுக்கெல்லாம் மேற்பார்வை பீடியாஸ். சுற்றிலும் நாற்பத்தாறு பளிங்குத் தூண்கள். நேராக நிற்பன போல் தோன்றும் அவை உண்மையில் உட்புறமாகச் சற்றே சாய்ந்தவை. படிகளும் நேர்கோடல்ல, நீளவாட்டத்தின் நடுவில் நாலு அங்குலம் மேடு. படியின் ஒரு கோடியில் நோட்டுப் புத்தகத்தை வைத்து, மறு கோடியில் தலையைத் தாழ்த்திப் பார்த்தால் புத்தகம் கண்ணுக்கு மறைந்துவிடும் என்றார் ஆசிரியை அம்மாள். கயிறு கட்டித் தடுத்திருந்தபடியால் அந்தச் சோதனைக்கு இடமில்லாமற் போயிற்று.

பழைய சிற்பிகள் கல்லோடு கல்லை இரும்புப் பட்டையால் இணைத்து, இரும்பின்மேல் ஈயத்தை உருக்கி வார்த்தார்கள். இரண்டாயிரம் ஆண்டுகளுக்கு மேலாகியும் அது துருப்பிடித்துக் கல்லைக் கெடுக்கவில்லை. இருபதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் பழுது பார்த்தவர்கள் ஈயத்தை விட்டுவிட்டு வெறும் இரும்பைச் செருகினார்கள். இரும்பு துருவேறிப் பருத்துப் பளிங்கைப் பிளந்தது. 1975-ல் தொடங்கிய திருப்பணியில் அந்த இரும்பையெல்லாம் பிடுங்கி எறிந்து டைட்டானியம் வைக்கிறார்கள். நல்லது செய்யப் போனவர்களாலேயே கோயிலுக்கு இப்படி ஒரு தொல்லை!

"இது எத்தனை காலம் கோயிலாக இருந்தது?" என்று என் பெண் கேட்டாள். அதற்கு ஆசிரியை சொன்ன கணக்கு எங்களைத் திகைக்கச் செய்தது. அதீனா தேவியின் கோயிலாக ஏறக்குறைய ஒன்பது நூற்றாண்டு. அதன் பின்னர் மேரி மாதாவின் ஆலயமாக ஏறக்குறைய ஆயிரம் ஆண்டு! பல்கேரியரை வென்ற பைஸாந்தியச் சக்கரவர்த்தி இரண்டாம் பேஸில் 1018-ல் நன்றி செலுத்த வந்ததும் இந்த ஆலயத்துக்கே. பிறகு துருக்கியர் மசூதியாக்கினர். 1687-ல் வெனிஸ் படை முற்றுகையிட்டபோது துருக்கியர் உள்ளே வெடிமருந்தைக் குவித்திருந்தனர். வெனிஸ்காரர் சுட்ட குண்டு அதன்மேல் விழுந்து கோயிலின் நடுப்பாகம் சிதறிப் போயிற்று.

"அப்படியானால் ஆயிரம் வருஷத்து மாதா கோயிலின் அடையாளம் எங்கே?" என்றாள்.

பெரும்பாலும் இல்லை. சுதந்திரம் பெற்ற கிரேக்கர் பத்தொன்பதாம் நூற்றாண்டில் குன்றைத் துப்புரவு செய்தனர். மசூதி போயிற்று, வீடுகள் போயின, பிராங்கியப் பிரபுக்களின் கோபுரம் 1875-ல் இடிபட்டது. பெரிக்ளிஸ் காலத்தை மட்டும் நிறுத்திக்கொண்டார்கள்.

எங்கள் கூட்டத்தில் கிரேக்க வம்சத்து இளைஞன் ஒருவன் இருந்தான். அவனுடைய கொள்ளுப்பாட்டி 1922-ல் ஸ்மிர்னா பட்டணம் எரிந்தபோது தப்பி வந்தவள். "அடிமைத் தழும்பை யாராவது உடம்பில் வைத்துக்கொண்டிருப்பார்களா?" என்று அவன் சீறினான்.

"மாதா கோயிலில் கும்பிட்டவர்களும் உங்கள் ஜனங்கள்தானே? அதுவுமா அடிமைத் தழும்பு?" என்றாள் இவள். அவன் பதில் சொல்லவில்லை. இருவரும் மாலைவரை பேசிக்கொள்ளவும் இல்லை.

அடிவாரத்தில் 2009-ல் திறந்த மியூஸியத்தின் மேல்மாடியில், பார்த்தினன் சிற்ப வரிசையை அது இருந்த முறைப்படியே அமைத்திருக்கிறார்கள். காலத்தால் பழுப்பேறிய அசல் கற்களின் பக்கத்தில் வெள்ளை வெளேரென்று பிளாஸ்டர் வார்ப்புகள். அவற்றுள் பெரும்பாலானவற்றின் அசல் லண்டனில் இருக்கிறது. எல்ஜின் பிரபுவின் ஆட்கள் 1801 முதல் பெயர்த்தெடுத்தவற்றை 1816-ல் பிரிட்டிஷ் பார்லிமெண்டு 35,000 பவுனுக்கு வாங்கியது. நூற்றறுபது மீட்டர் நீளமுள்ள அந்த வரிசையில் எழுபத்தைந்து மீட்டர் அங்கே சிறையிருக்கிறது. எனக்கு எழும்பூர் மியூஸியத்து அமராவதிச் சிற்பங்கள் நினைவுக்கு வந்தன. அவற்றின் உடன்பிறப்புகளும் 1859-ல் சென்னையிலிருந்து லண்டனுக்குக் கப்பலேறியவைதாம். தோண்டியெடுத்த துரையின் பெயரால் அவற்றுக்கு 'எல்லியட் மார்பிள்ஸ்' என்று பெயர்கூட வைத்தார்கள்! வாட்டிகனில் இருந்த மூன்று பார்த்தினன் துண்டுகள் 2023-ல் ஏதென்ஸ் திரும்பின.

அங்கிருந்து வடக்கே ஐந்நூறு கிலோ மீட்டர் பிரயாணம் செய்து தெஸ்ஸலோனிகி சேர்ந்தோம். இங்கே யாரும் அவ்வளவு மும்முரமாகத் துப்புரவு செய்யவில்லை. ரொடண்டா என்னும் வட்டக் கட்டிடம், ரோமச் சக்கரவர்த்தி கலேரியஸ் காலத்தில், கி.பி. நாலாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுந்தது. சுவரின் கனம் மட்டும் ஆறு மீட்டருக்கு மேல். பிறகு சர்ச், பிறகு மசூதி. அண்ணாந்து பார்த்தால் பொன் மொஸைக் சித்திரத்தில் அர்ச்சிஷ்டர்கள் கை விரித்து நிற்கிறார்கள். தங்க ரேக்கை ஒட்டிய கண்ணாடிச் சில்லுகள் ஜன்னல் வெளிச்சம் நகர நகரக் கண் சிமிட்டுகின்றன. வெளியே மசூதியின் மினார் இன்றும் நிற்கிறது. 1923-ல் செய்த ஒப்பந்தப்படி இந்த ஊர் முஸ்லிம்கள் துருக்கிக்குப் போனார்கள். அங்கிருந்த கிறிஸ்தவர்கள் இங்கே வந்தார்கள். தொழ வந்தவர்கள் போனபின்னும் மினார் தங்கிவிட்டது.

அதன் நிழலில் நின்று என் பெண் அந்த இளைஞனைக் கேட்டாள்: "இதையும் இடித்துவிடலாமா?"

அவன் வெகுநேரம் மேலே பார்த்தான். "இடித்துவிட்டு, கொள்ளுப்பாட்டி ஊரில் மிஞ்சியிருக்கும் எங்கள் சர்ச்சை இடிக்காதீர்கள் என்று எந்த முகத்தோடு கேட்பேன்?" என்றான். அன்று இருவரும் ஒரே மேஜையில் காப்பி சாப்பிட்டார்கள்.

கடைசி நாள் வெனிஸெலு என்ற சுரங்க ரயில் நிலையத்துக்குப் போனோம். 2006-ல் தொடங்கிய இந்த ரயில்பாதைக்காகத் தோண்டியபோது, பைஸாந்தியக் காலத்துக் கடைத்தெரு ஒன்று பளிங்குத் தளத்தோடும் நாற்சந்தியோடும் வெளிப்பட்டது. இருந்த இடத்திலேயே இருக்கட்டும் என்று ஒரு கட்சி. பெயர்த்தெடுத்து, வேலை முடிந்தபின் பதிக்கலாம் என்று மற்றொரு கட்சி. கோர்ட்டு வரையில் போய், இரண்டாம் கட்சி வென்றது. கல் கல்லாக எடுத்துப் போய், திரும்பக் கொண்டுவந்து பதித்தார்கள். 2024 நவம்பரில் ரயில் ஓடத் தொடங்கியது.

ஒரு கல்லையும் விடாமல் நாங்கள் படம் பிடித்துக்கொண்டிருந்தோம். கறிகாய்ப் பையுடன் வந்த கிழவி ஒருத்தி எங்களைப் பார்த்துவிட்டு ஏதோ சொல்லிச் சிரித்தாள். "பதினெட்டு வருஷம் காத்திருந்தது இந்தக் கல்லைப் பார்ப்பதற்கா, ரயில் ஏறுவதற்கா என்கிறாள்" என்று இளைஞன் மொழிபெயர்ப்பதற்குள், ஓட்டுநர் இல்லாத அந்த ரயில் அவளை ஏற்றிக்கொண்டு போய்விட்டது. நாங்கள் அடுத்த ரயிலுக்குக் காத்திருந்தோம்.