ஏல மண்டபத்திலிருந்து ஹரோ வரை

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், லெஸ்டர் நகரைச் சூழ்ந்த மேய்ச்சல் நிலங்களுக்கிடையே, நூற்றுக்கணக்கான மோட்டார்க் கார்கள் வரிசை வரிசையாக நிற்கும் திடல் ஒன்றுண்டு. தூரத்திலிருந்து காண்பவர் ஏதோ பெருந்திருவிழா நடைபெறுகின்றது என்றே எண்ணுவர். அது பழைய கார்களை ஏலத்தில் விற்கும் இடம். 2020ஆம் ஆண்டுப் பெருந்தொற்றின் பின்னர் இத்தகைய ஏலங்களிற் பல இணையத்துக்குச் சென்றுவிட்டன. ஆயினும் மண்டபத்துள் நின்று, தலையசைத்து வாங்கும் வழக்கம் இன்னும் முற்றாக மறைந்துவிடவில்லை.

லண்டனில் வாழும் என் தமக்கையாரின் மகனுடன் அங்கே போயிருந்தேன். அவன் ஒரு வைத்தியசாலையில் இரவு வேலை செய்பவன். நள்ளிரவு பஸ்களை நம்பி அலுத்து, ஈராண்டுச் சேமிப்பைக் கையிற் கொண்டு கார் வாங்க வந்திருந்தான். சாரதிப் பரீட்சையிற் சித்தியெய்திப் பத்து மாதங்களே ஆகியிருந்தன. இந்தப் பத்து மாதக் கணக்கை வாசகர்கள் மனத்தில் வைத்துக்கொள்ள வேண்டும். பின்னர் அது பயன்படும்.

யாழ்ப்பாணத்து மீன் சந்தையில் ஏலங் கூறுபவர் கூட நமக்குச் சற்று யோசிக்க இடங்கொடுப்பார். இங்கே அதுவுமில்லை. கார் ஒன்று இயந்திரம் உறும மண்டபத்தின் ஒரு வாயிலால் நுழைகிறது. மேடையிலிருப்பவர் மூச்சுவிடாமல் விலை கூறுகிறார். ஒன்றிரண்டு நிமிடத்துள் சுத்தியல் விழுகிறது. மறு வாயிலால் கார் வெளியேறுகிறது. இயந்திரத்தின் ஓசையைக் கேட்கலாம், பெயின்ற்றின் கீறல்களைப் பார்க்கலாம். ஓட்டிப் பார்க்க மட்டும் முடியாது. அழகிய டீசல் கார் ஒன்று மிக மலிவாகப் போனதைக் கண்டு எனக்குப் பொறுக்கவில்லை.

“உதை ஏன் தம்பி விட்டனி?” என்றேன்.

“மாமா, உது லண்டனுக்குள்ளை ஒவ்வொரு நாளும் காசு கேக்கும்” என்று மட்டும் சொல்லிவிட்டு மறுபடியும் மேடையை நோக்கினான். கடைசியில் அவன் எடுத்தது, 2012ஆம் ஆண்டில் பதிவான சிறிய பெற்றோல் யாரிஸ் ஒன்று.

கார் அவனுடையதாயிற்று. ஆனால் அதைத் திடலுக்கு வெளியே ஓட்டிச் செல்லும் உரிமை சுத்தியலோடு வருவதன்று. பணம் செலுத்தித் திறப்பைப் பெற்றவுடன் ஏறி ஓட்டிவிடலாம் என்று நம்மவர் பலர் எண்ணக்கூடும். அந்நாட்டுச் சட்டத்தின் முன், அந்த நேரத்தில் அது வெறும் இரும்புப் பொருள்.

முதலில் காப்புறுதி. 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டம் தொட்டு, பிறருக்கு நேரும் தீங்குக்கேனும் காப்புறுதி இல்லாத வாகனம் பிரித்தானிய வீதியில் ஓடக்கூடாது. பிடிபட்டால் 300 பவுண் தண்டமும், சாரதிப் பத்திரத்தில் 6 குற்றப் புள்ளிகளும். காரையும் பொலிசார் கையோடு கொண்டு போகலாம். பரீட்சையிற் சித்தியடைந்து இரண்டாண்டு நிறையாதவர் 6 புள்ளி பெற்றாலோ சாரதிப் பத்திரமே இரத்தாகிவிடும். மறுபடியும் பழகுநராகி இரண்டு பரீட்சைகளையும் எழுதியும் ஓடியும் காட்டவேண்டும். பத்து மாதச் சாரதியான என் மருமகனுக்கு அந்த நூறு மைல் எத்தகைய நூறு மைல் என்பது இப்போது விளங்கும்.

இதிலே பலர் இடறும் இடம் ஒன்றுண்டு. வேறொருவர் காரை ஓட்டினாலும் ஓரளவு பாதுகாப்புத் தரும் காப்புறுதிகள் அங்கே சிலரிடம் உள. அதை நம்பி ஏலக் காரில் ஏறிவிடுகின்றனர். வாங்கிய கணமே அது வேறொருவர் கார் அல்ல, தன் கார். ஆகவே அந்தப் பாதுகாப்பு அதற்குச் செல்லாது! என் மருமகனிடம் வேறு காரும் இல்லை, வேறு காப்புறுதியும் இல்லை. முதல் நாளிரவே பட்டியலிலிருந்து மூன்று கார்களின் இலக்கங்களைக் குறித்து, ஒவ்வொன்றுக்கும் எவ்வளவு கேட்பார்கள் என்று விசாரித்து வைத்திருந்தான். சிற்றுண்டிச்சாலை மேசையில் இருந்தபடியே தொலைபேசியில் பணத்தைக் கட்டி, பிற்பகல் இரண்டரை மணியிலிருந்து நடைமுறைக்கு வருமாறு செய்தான். ஒரு நாளுக்கோ சில மணி நேரத்துக்கோ மட்டும் காப்புறுதி வாங்கும் வசதியும் உண்டு.

அடுத்தது வீதி வரி. 1921 முதல் பிரித்தானியக் கார்களின் முன் கண்ணாடியில் வட்டமான வரிச் சீட்டு ஒட்டப்பட்டிருந்தது. 2014 ஒக்ரோபர் முதலாந் திகதி அது ஒழிந்தது. அத்துடன், விற்றவர் கட்டிய வரி வாங்கியவருக்குச் சேரும் வழக்கமும் ஒழிந்தது. எஞ்சிய முழு மாதங்களுக்கே விற்றவருக்குப் பணம் திரும்புகிறது. வாங்கியவரோ அந்த மாதத்தின் முதல் நாளிலிருந்தே கட்டவேண்டும். ஆக, ஒரே மாதத்துக்கு இருவரிடமும் வரி! இதைக் கண்டுபிடித்த கணக்குப்பிள்ளை சாதாரண ஆளாக இருக்க முடியாது.

பதிவுப் பத்திரத்திலிருந்து கிழித்துத் தரும் பச்சைத் துண்டில் 12 இலக்க எண் ஒன்று இருக்கும். அதைக் கொண்டு இணையத்திலோ தொலைபேசியிலோ அங்கேயே வரியைக் கட்டிவிடலாம். துண்டு இல்லாத கார்களும் ஏலத்துக்கு வருவதுண்டு. அவற்றை எடுத்தவர் தபாற்கந்தோரைத் தேடிச் சென்று, 25 பவுண் கட்டணத்துடன் புதிய பத்திரத்துக்கு விண்ணப்பித்தே வரி கட்டல் வேண்டும். இன்னொன்று: அந்தப் பதிவுப் பத்திரம் காரின் சொந்தக்காரர் யார் என்பதற்குச் சான்று அல்ல; காரை வைத்திருப்பவர் யார் என்பதையே அது கூறுகிறது. ஏலத்தின் பற்றுச்சீட்டைப் பத்திரப்படுத்த வேண்டியது இதனாலேதான்.

எம்.ஓ.ரி. என்னும் வருடாந்தச் சோதனை 1960இல் தொடங்கியபோது பத்து வயதான கார்களுக்கே உரியதாயிருந்தது. இன்று மூன்று வயதானதும் தேவை. எங்கள் யாரிசுக்கு இன்னும் ஐந்து மாதம் இருந்தது. பக்கத்து மேசையிலிருந்த முதியவர் எடுத்த காருக்கோ சோதனைப் பத்திரமே இல்லை. முன்கூட்டியே நேரங் குறித்த சோதனைக்கு ஓட்டிச் செல்ல மட்டும் சட்டம் இடங்கொடுக்கிறது. அந்தப் பயணத்துக்கு வீதி வரியும் வேண்டியதில்லை, காப்புறுதி மட்டும் கட்டாயம். அவர் அருகிலிருந்த கராஜ் ஒன்றுக்குப் பேசி நாலு மணிக்கு நேரம் பெற்றுக்கொண்டார்.

பத்திரம் இருந்தாலும் கார் சீராயிருத்தல் வேண்டும் என்பதால் மருமகன் நான்கு ரயர்களையும் குனிந்து பார்த்தான். சட்டம் கேட்கும் பள்ளம் 1.6 மில்லிமீற்றர். 20 பென்ஸ் நாணயத்தைப் பள்ளத்துள் நிறுத்தினால், அதன் வெளி விளிம்பு மறையவேண்டும் என்பது அங்குள்ளோர் கைக்கணக்கு. மறைந்தது. விளக்குகளையும் ஒவ்வொன்றாக எரித்துப் பார்த்தோம். அவ்வேளை எங்களைக் கடந்து கார்கள் சில, வெள்ளைத் தகட்டில் சிவப்பு எழுத்துக்களுடன் வெளியேறின. அவை வியாபாரிகளுக்கே வழங்கப்படும் தகடுகள். கூலிக்குக் கார் ஓட்டிக் கொடுக்கும் மனிதர்கள், வேலை முடிந்ததும் அந்தத் தகட்டைக் கையிற் பிடித்தபடி தெருவோரத்தில் நின்று இலவசப் பயணம் கேட்பது இங்கிலாந்தின் பழைய காட்சிகளில் ஒன்று.

ஏலக் காரில் பெற்றோல் இருக்கும் என்று எவரும் எதிர்பார்க்கலாகாது. முதலிற் கண்ட நிலையத்தில் நிரப்பிக்கொண்டு எம்-1 மோட்டார்ப் பெருந்தெருவில் ஏறினோம். மருமகன் வலக்கரைப் பக்கம் நகரவேயில்லை; பாரமான லொறிகளின் பின்னே, கைகள் இரண்டையும் இறுகப் பிடித்து ஓட்டினான். 1966இல் திறந்த லெஸ்டர் பொறஸ்ட் ஈஸ்ற் உணவுச்சாலை, தெருவுக்குக் குறுக்கே பாலம்போல நிற்கிறது. பின்னர் வருவது லற்றர்வேர்த். பிராங்க் விற்றில் தம் ஜெட் இயந்திரத்தை உருவாக்கிய ஊர்களில் அதுவும் ஒன்று என்றேன். அவன் காதில் அது விழுந்ததாகத் தெரியவில்லை.

கிரிக் என்னும் ஊரருகே தொடங்குவது எம்-1இன் முதற் பகுதி. 19 மாதங்களிற் கட்டி முடித்து, 1959 நவம்பர் 2ஆந் திகதி திறந்தார்கள். அன்று வேகக் கட்டுப்பாடு இல்லை, நடுவே தடுப்பு வேலியும் இல்லை. 70 மைல் எல்லை 1965 டிசம்பரிலேதான் வந்தது. நமது நாட்டின் முதலாவது அதிவேக வீதி 2011இல் திறக்கப்பட்டதை எண்ணிக்கொண்டேன். அடுத்த வட்போர்ட் இடைவெளி வெறும் தேநீர் நிறுத்தமன்று. குன்றுகளுக்கிடையே உள்ள அந்தச் சிறு தாழ்வு வழியாகவே உரோமர் போட்ட தெருவும், படகுக் கால்வாயும், 1838இன் ரயில் பாதையும், இந்தப் பெருந்தெருவும் ஒன்றையொன்று நெருங்கிச் செல்கின்றன. ஈராயிரம் ஆண்டுகளாக வடக்கேயிருந்து லண்டனுக்குப் போவோர் இதனூடே போயிருக்கின்றனர்.

நோர்தாம்ரன் தாண்டியதும் பொலிஸ் கார் ஒன்று பின்னால் வந்தது. அவற்றிலுள்ள கமரா இலக்கத் தகட்டைப் படித்து, வரியும் காப்புறுதியும் உண்டா என்பதைக் கணத்தில் அறியும். புதிய காப்புறுதி அந்தப் பதிவேட்டில் ஏறச் சில நாள் செல்வதுமுண்டு. மருமகன் சொல்லாமலே நான் அவனுடைய தொலைபேசியிலிருந்த காப்புறுதிச் சான்றைத் திறந்து மடியில் வைத்துக்கொண்டேன். ஒரு மைல் தூரம் பின்னால் வந்த பொலிஸ் கார், பின்னர் எங்களை முந்திக்கொண்டு போய்விட்டது. “போட்டாங்கள், மாமா” என்றான். அன்று அவன் சிரித்தது அப்பொழுதுதான்.

வட்போர்ட் பட்டணத்தருகே இறங்கி, புஷி மேட்டைத் தாண்டினால் லண்டன் எல்லை. 2023 ஓகஸ்ற் 29 முதல் லண்டனின் எல்லா நகரப் பிரிவுகளும் குறைந்த புகை வலயத்துள் அடங்கிவிட்டன. அளவுக்கு மேல் புகை கக்கும் கார் உள்ளே ஓடினால், நாளொன்றுக்கு 12.50 பவுண். 2006இன் பின் வந்த பெற்றோல் கார்கள் பெரும்பாலும் தப்பிவிடும். டீசலோ 2015க்குப் பின் வந்ததாயிருத்தல் வேண்டும். நாட்கணக்கு நள்ளிரவோடு மாறுவதால், மாலையிற் போய்க் காலையில் திரும்பும் இரவு வேலைக்காரருக்கு ஒரு வேலைக்கு இரு நாட் கட்டணம், அதாவது 25 பவுண். மண்டபத்தில் அந்த அழகிய டீசல் கார் ஏன் மலிந்தது என்பது, வலயத்தின் பச்சை அறிவிப்புப் பலகையைக் கடந்தபோதுதான் எனக்கு விளங்கிற்று.

ஹரோவில் வீட்டு வாசலில் தமக்கையார் தேசிக்காய் நான்குடன் நின்றார். ஒவ்வொரு சில்லின் கீழும் ஒன்றை வைத்து, மெல்ல முன்னே உருட்டச் சொன்னார். அயல்வீட்டு ஆங்கிலேய மாது யன்னலைத் திறந்து பார்த்து, கையசைத்துவிட்டு மூடிக்கொண்டார். எட்டு மணிக்குச் சோறுண்டு, ஒன்பதரைக்கு மருமகன் வேலைக்குப் புறப்பட்டான். தமக்கையார் வழக்கம்போல பஸ்ஸுக்குச் சில்லறை இருக்கிறதா என்று கேட்டுவிட்டார்.