வேடந்தாங்கலில் போனுக்கும் மௌனம்!

மார்கழிக் காலை ஆறரை மணி. சென்னையிலிருந்து சுமார் 80 கி.மீ. தொலைவில், செங்கல்பட்டு மாவட்டத்தின் வேடந்தாங்கலில் பனி இன்னும் விலகவில்லை. ஏரிக்கரையில் சால்வை போர்த்திய தாத்தாவிடம் பைனாகுலர், பேத்தியிடம் போன். அவர் சொல்லச் சொல்ல, 'இபேர்ட்' ஆப்பில் எண்ணிக்கை ஏறுகிறது. கூழைக்கடா, நத்தைகுத்தி நாரை, பாம்புத்தாரா... 2015 முதல் பொங்கல் நாட்களில் தமிழகப் பறவை ஆர்வலர்கள் இப்படித்தான் எண்ணிப் பதிவு செய்கிறார்கள்.

பெயர் தெரியவில்லையா? குரலைக் கேட்டே பல பறவைகளை அடையாளம் சொல்லிவிடும் 'மெர்லின்' ஆப். ஆனால், அதில் பதிவாகியிருக்கும் குரல்களை ஏரிக்கரையில் ஒலிக்கவிடக் கூடாது. வேறு பறவை தன் இடத்துக்கு வந்துவிட்டதென்று கூட்டிலிருக்கும் பறவை பதறும்.

பறவைகள் மிரளுமே என்று தீபாவளிக்குக்கூட வெடி வெடிக்காத ஊர் இது. அவற்றைப் பாதுகாக்கும் உரிமையை 1798-லேயே அன்றைய கலெக்டரிடம் வாங்கியவர்கள் இந்த மக்கள். எச்சம் கலந்த ஏரித் தண்ணீர் வயலுக்கு உரமாகும் என்பது அவர்கள் கணக்கு.

நவம்பர் முதல் மார்ச் வரை பறவைகளின் பருவம். போகிறவர்கள் போனை சைலன்ட்டில் போட்டுவிடுங்கள். ஆப்பில் பட்டியல் நீள்வதே இந்த ஊர் காத்த அமைதியால்தான்!