டிக் பென்டெரின்: ஏட்டில் எழுதப்படாத வாழ்க்கை

மறைந்த ஒருவனது வாழ்க்கையைக் குடும்பத்து ஏடுகளின் வழி மீட்டெடுக்க முனைவோர் முதலில் நாடுவன பிறப்புப் பதிவும், குடிசன மதிப்பும், கோயிற் பதிவேடுமாம். வேல்ஸ் நாட்டு நிலக்கரிச் சுரங்கத் தொழிலாளியான றிச்சட் லூயிஸின் திறத்தில் இவற்றுள் முதலிரண்டும் கைகொடா. அரச பிறப்பு இறப்புப் பதிவு அங்கு தொடங்கியது 1837இல். நாடளாவிய முறையில் ஆட்களைப் பெயர்சுட்டிப் பதிந்த குடிசன மதிப்பு 1841இல். அவனோ 1831 ஓகஸ்ட் 13இல் காடிவ் நகரிலே தூக்கிலிடப்பட்டுவிட்டான். அப்போது அவனுக்கு வயது 23.

கோயிற் பதிவேட்டிலும் ஓர் இடர்ப்பாடு உண்டு. வேல்ஸ் மக்களிடையே தந்தையின் பெயரே மகனுக்கு ஈற்றுப்பெயராகி வந்தமையால், லூயிஸ், ஜோன்ஸ், டேவிஸ் என்ற ஒருசில பெயர்களே ஊர்தோறும் மலிந்தன. அவனுடன் மரண தண்டனை பெற்றவனது பெயர் லூயிஸ் லூயிஸ்! தந்தை பெயரை முன்னெழுத்தாகத் தரிக்கும் தமிழருக்கு இதனை விரித்துரைக்க வேண்டுவதில்லை. ஊரார் இச்சிக்கலைத் தம் வழியில் தீர்த்துக்கொண்டனர். அபராவனில் அவன் பிறந்த குடிலின் பெயரைச் சேர்த்து டிக் பென்டெரின் என்றழைத்தனர். வரலாறு அவனை அறிவதும் அப்பெயராலேயே.

அவனைப் பற்றி அரசிடம் ஏடுகள் பெருகியது, அவன் குற்றவாளியான பின்னரே. அவன் குடும்பம் குடியேறிய மேர்தர் நகரில் 1831இல் இரும்பாலை முதலாளி கூலியைக் குறைத்தார். கடன் நீதிமன்றம் ஏழைகளின் தட்டுமுட்டுப் பொருள்களைப் பறிமுதல் செய்தது. தொழிலாளர் கிளர்ந்தெழுந்தனர். யூன் 3ஆம் நாள் காசில் விடுதியின் முன் படையினர் சுட்டதில் குறைந்தது 16 பேர் மாண்டனர். அவர்களைச் சுட்டமைக்காக எவரும் தூக்கிலேறவில்லை. டொனால்ட் பிளாக் என்ற சிப்பாயைத் துப்பாக்கிமுனைக் கத்தியாற் காயப்படுத்தினான் என்பதே பென்டெரின்மீது சாட்டப்பட்ட குற்றம். பிளாக் உயிர் பிழைத்தான். தன்னைக் குத்தியவனைத் தன்னால் அடையாளங்காட்ட இயலாதென்றும் கூறினான். ஆயினும் தீர்ப்பு மாறவில்லை.

வெல்சு மொழி பேசும் மக்கள் நடுவே அமைந்த அந்நீதிமன்றத்தின் மொழி ஆங்கிலம். 1536ஆம் ஆண்டுச் சட்டம் அவ்வாறு விதித்திருந்தது. எனவே அவன் வழக்கைச் சொல்லும் ஏடுகள்கூட அவனது தாய்மொழியில் இல்லை. ஜோசப் பிரைஸ் என்ற குவேக்கர் இரும்பாலை உரிமையாளர் அவனுக்காக முயன்றார். 11,000 பேர் மனுவில் ஒப்பமிட்டனர். உள்நாட்டமைச்சர் மெல்பேண் பிரபு இணங்கவில்லை. லூயிஸ் லூயிஸின் தண்டனை மட்டும் நாடுகடத்தலாகக் குறைக்கப்பட்டது. நியூ சவுத் வேல்ஸுக்கு அனுப்பப்பட்ட கைதிகளின் உயரம், நிறம், தழும்பு ஆகியவற்றையெல்லாம் எழுத்தர்கள் குறித்து வைப்பர். தப்பியோடினால் பிடிக்க வேண்டுமல்லவா! தூக்கிலேறியவனைப் பற்றி அவ்வாறு குறித்துவைக்கும் தேவை அரசுக்கு இருக்கவில்லை.

எஞ்சியதைக் காத்தவர்கள் உறவினரும் ஊராருமே. அவனுடைய சகோதரி எலிசபெத்தின் கணவர் மோர்கன் ஹவல்ஸ் பெயர்பெற்ற மெதடிஸ்த போதகர். கூலிக்காரன் ஒருவனது குடும்பம் எழுத்தில் இடம்பெற அவரும் ஒரு வாயிலானார். தூக்குமேடையில் இது அநீதியென்று அவன் இறைவனை நோக்கி வெல்சில் முறையிட்டதும், அவனது உடல் காடிவிலிருந்து அபராவன்வரை சென்ற வழியெங்கும் மக்கள் கூடியதும் தலைமுறை தலைமுறையாகச் சொல்லப்பட்டன. குடும்பத்தார் தம் மூத்தோரின் கறையைக் கழுவிச் சொல்வது இயல்பாதலின், இத்தகைய கதைகளை ஆராய்வோர் ஐயத்துடன் நோக்குவதில் தவறில்லை. ஆனால் இங்கு குடும்பத்தின் கூற்றுக்குத் துணைநிற்பது காயமுற்ற சிப்பாயின் சாட்சியமே என்பதை மறத்தல் கூடாது.

1874இல் அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் சாகுந்தறுவாயிலிருந்த இயவான் பாக்கர் என்பவன், சிப்பாயைக் குத்தியவன் தானே என்று வெல்சுப் போதகர் ஒருவரிடம் ஒப்புக்கொண்டானென்பர். அபராவன் புனித மரியாள் கோயில் முற்றத்தில் பென்டெரினைப் புதைத்து அப்போது 43 ஆண்டுகள் கழிந்திருந்தன.