வேளைநகர்ச் சாலையில் விளக்குகள்

கடலூரிலிருந்து தெற்கே செல்லும் நெடுஞ்சாலையைப் பகலில் காண்பவர் அதை வயல்களின் சாலை என்றே சொல்வார். கொள்ளிடத்தைக் கடந்ததும் காவிரிப் படுகை விரிகிறது. வாய்க்கால்களும் மதகுகளும் தென்னந்தோப்புகளும் மாறி மாறி வருகின்றன. சீர்காழி, திருக்கடையூர், தரங்கம்பாடி, பொறையாறு, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம் என்று ஊர்கள் செபமாலை மணிகளைப் போல் ஒன்றன்பின் ஒன்றாக அமைந்துள்ளன. தரங்கம்பாடியில் டேனியர் 1620-இல் எழுப்பிய கோட்டை இன்றும் கடலைப் பார்த்தபடி நிற்கிறது. நாகூர் தர்காவின் மனோராக்கள் தொலைவிலேயே கண்ணில் படுகின்றன. நாகப்பட்டினத்துக்குத் தெற்கே ஏறத்தாழ 12 கிலோமீட்டர் சென்றால் நம் அன்னையின் திருத்தலம். 1962-ஆம் ஆண்டு திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான் அவ்வாலயத்தைப் பேராலய நிலைக்கு உயர்த்தினார்.

ஆண்டுதோறும் ஆகஸ்ட் 29 அன்று கொடியேறுகிறது. செப்டம்பர் 8 அன்று அன்னையின் பிறந்தநாள் பெருவிழா. அந்நாள்களை ஒட்டி இச்சாலைக்கு இரவிலும் உறக்கம் இல்லை. வெயிலுக்கு அஞ்சிய மக்கள் மாலையில் நடக்கத் தொடங்கி விடியும்வரை நடக்கிறார்கள். காவியுடை அணிந்த பெண்கள், சுரூபம் வைத்த சிறு சப்பரத்தை இழுக்கும் ஆண்கள், தந்தையின் தோளில் உறங்கும் குழந்தை, கொப்புளம் கண்ட காலில் துணி சுற்றிய முதியவர் என்று எல்லோரும் சாலையின் இடப்புற ஓரத்தில் செல்கின்றனர். அவர்களுக்கு ஓரடி தள்ளிப் பேருந்துகளும் லாரிகளும் விரைகின்றன. இவற்றோடு நம் பங்கு இளைஞர்களின் மோட்டார் சைக்கிள்களும் இப்போது பெருகிவிட்டன.

அன்பு வாசகர்களே! திருப்பயணக் கட்டுரையில் மோட்டார் சைக்கிளின் வயரைப் பற்றிப் பேசுவதா என்று வியப்படைய வேண்டாம். அவ்விரவுச் சாலையில் நடப்பவரின் உயிரும் ஓட்டுபவரின் உயிரும் ஒரு சிறு விளக்கையும், அவ்விளக்கு ஒரு சாண் வயரையும் நம்பியிருக்கின்றன.

2023-ஆம் ஆண்டுத் திருவிழாவின் முதல் வாரத்தில் எங்கள் பங்கு இளைஞர் பதினோருவர் ஆறு வண்டிகளில் புறப்பட்டனர். பங்குக் குருவாகிய நானும் உடன் சென்றேன். அவர்களுள் ஒருவரது வண்டியின் முன்புறத்தில், புறப்படுவதற்கு முந்தின வாரம்தான் இரண்டு கூடுதல் விளக்குகள் பொருத்தப்பட்டிருந்தன. சீர்காழியை அடையுமுன்பே அவ்வண்டியின் பியூஸ் ஒருமுறை எரிந்துபோயிற்று. “பரவாயில்லை சாமி, கையில் வேறு வைத்திருக்கிறேன்” என்று அவர் மாற்றிக்கொண்டார். திருக்கடையூரைத் தாண்டி, நடைப்பயணிகளின் கூட்டம் மிகுந்திருந்த ஓரிடத்தில், பின்னால் ஒலியெழுப்பிய பேருந்துக்கு வழிவிட அவர் மெதுவாக இடப்புறம் திரும்பினார். அந்நொடியில் முன்விளக்கு, பின்விளக்கு, எஞ்சின் யாவும் ஒருசேர அணைந்தன. வண்டி இருளில் உருண்டு சென்று ஒரு சப்பரத்துக்கு ஒரு முழத் தொலைவில் நின்றது. சப்பரத்தின் பின்னால் ஒரு தாயும் இரு சிறுமியரும் நடந்துகொண்டிருந்தனர். அவர்களுக்கு என்ன நேரவிருந்தது என்பது அவர்களுக்கே தெரியாது. “மரியே வாழ்க” என்று சொல்லியபடி அவர்கள் நடந்து சென்றுவிட்டார்கள்.

வண்டியைத் தள்ளிக்கொண்டு சென்றோம். பொறையாற்றை ஒட்டி ஒரு சிறு பட்டறை திறந்திருந்தது. திருவிழா நாள்களில் அதன் உரிமையாளரான முதியவர் இரவெல்லாம் கடையை அடைப்பதில்லையாம். இளைஞர்கள் அவரைப் ‘பாய்’ என்றழைத்தனர். அவர் செய்த பரிசோதனையை விரிவாகச் சொல்வது பலருக்குப் பயன்படும்.

முதலில் எரிந்துபோன பியூஸை எடுத்துப் பார்த்தார். “தம்பி, பதினைந்து இருக்கவேண்டிய இடத்தில் முப்பது போட்டிருக்கிறீர்களே” என்றார். பியூஸின்மேல் எழுதியுள்ள எண், அது தாங்கும் ஆம்பியர் அளவு. வயர் சூடேறி எரியுமுன் தான் உருகி மின்சாரத்தைத் துண்டிப்பதே அதன் கடமை. சிறிய பியூஸ் அடிக்கடி போகிறதென்று பெரியதைப் போடுவதும், சிகரெட் அட்டையின் ஈயத்தாளைச் சுற்றுவதும், காவற்காரனை அனுப்பிவிட்டு வாசலைத் திறந்து வைப்பதற்கு ஒப்பாகும். பியூஸுக்குப் பதில் வயரே எரியும். அந்த வயரோ பெட்ரோல் டேங்கின் அடியில் செல்கிறது.

அடுத்து, புதிய பியூஸ் எதையும் அவர் போடவில்லை. பியூஸ் இருந்த இடத்தின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு பழைய இண்டிகேட்டர் பல்பை இணைத்தார். முன்விளக்கின் கப்ளரைக் கழற்றிவிட்டுச் சாவியைத் திருப்பினார். பல்பு மங்கலாக எரிந்தது. “எங்கேனும் ஷார்ட் இருந்தால் இது முழு வெளிச்சத்தோடு எரியும், ஃபாதர். பியூஸை ஒவ்வொன்றாகப் பலி கொடுக்க வேண்டியதில்லை” என்றார். 21 வாட் பல்பு ஏறத்தாழ இரண்டு ஆம்பியருக்கு மேல் மின்சாரத்தைச் செல்ல விடாது. ஆகவே தேடும்போது வயர் எரியாது.

பின்னர் ஹேண்டில் பாரை வலப்புறம் திருப்பினார், மாற்றமில்லை. இடப்புறம் திருப்பினார், பல்பு பளீரென்று எரிந்தது. அவ்வளவுதான், நோய் எங்கே என்பது வெளியாயிற்று. கூடுதல் விளக்குகளின் வயர், ஹேண்டில் பார் சுழலும் கழுத்துப் பகுதியில் இறுக்கிக் கட்டப்பட்டிருந்தது. திருப்பும்போதெல்லாம் அது இரும்பில் உராய்ந்து தோல் தேய்ந்து, உள்ளிருந்த செம்பு வண்டியின் சட்டத்தைத் தொட்டிருக்கிறது. நேர்ச்சாலையில் தொடாத வயர் இடப்புறம் ஒதுங்கும்போது தொட்டது. அந்த இடப்புறத்தில்தான் மக்கள் நடக்கிறார்கள்!

அவர் கண்டுபிடித்த குறைகள் இன்னும் சில. கூடுதல் விளக்குகளுக்கென்று தனிப் பாதை இல்லை. முன்விளக்கு வயரின் தோலைச் சீவி, முறுக்கி, டேப் சுற்றியிருந்தார்கள். எர்த் வயரைப் பெயிண்ட் பூசிய சட்டத்தின்மேல் வைத்து முடுக்கியிருந்தார்கள். பெயிண்ட் மின்சாரத்தைத் தடுக்குமாதலால் விளக்கு நடுங்கும். முறுக்கிய செம்பின்மேல் ஒரே வாரத்தில் பச்சைக் களிம்பு ஏறத் தொடங்கியிருந்தது. “இது உப்புக்காற்று வீசும் ஊர். திறந்த செம்பு இங்கே பிழைக்காது” என்றார் பெரியவர். சோழமண்டலக் கரையில் வாழும் நம் மக்கள் இச்சொல்லை மனத்தில் வைக்கவேண்டும். மீனவக் குடும்பங்களின் வண்டிகளில் ஹார்ன் ஒலி குறைவதற்கும், இண்டிகேட்டர் எரியாமற் போவதற்கும் பெரும்பாலும் இக்களிம்பே காரணம். இணைப்பைக் கழற்றித் துடைத்து, சிறிது வாசலின் தடவி மீண்டும் பொருத்தினால் பாதி நோய்கள் தீரும்.

அவர் புதிதாக அமைத்த முறை எளியது. பேட்டரியின் நேர்முனையிலிருந்து ஒரு தனி வயர்; அதில் பேட்டரிக்கு அருகிலேயே ஒரு பியூஸ்; அங்கிருந்து ரிலே; ரிலேயிலிருந்து விளக்குகள்; விளக்குகளின் எதிர்வயர் நேராகப் பேட்டரியின் எதிர்முனைக்கு. ரிலே என்பது சிறு மின்சாரத்தால் பெரு மின்சாரத்தைத் திறக்கும் ஒரு வாயில். அதன் கால்களில் எண்கள் பொறிக்கப்பட்டிருக்கும். பியூஸிலிருந்து வரும் வயர் 30-இலும், விளக்குக்குச் செல்வது 87-இலும் சேரும். சாவியைத் திருப்பினால் மட்டும் உயிர்பெறும் மெல்லிய வயர் ஒன்று ஸ்விட்ச் வழியாக 86-க்கு வரும். 85 எர்த்துக்குச் செல்லும். இதனால் ஹேண்டில் பாரிலுள்ள சிறு ஸ்விட்சின்மேல் விளக்கின் பாரம் விழுவதில்லை. சாவியை எடுத்தால் விளக்கும் அணைந்துவிடும்; பேட்டரி தீராது. கழுத்துப் பகுதியில் வயரைத் தளர்வாக விட்டு, அதன்மேல் ரப்பர் குழாய் போர்த்தினார். ஹேண்டில் பாரை இருபுறமும் முழுதாகத் திருப்பிப் பார்த்த பின்னரே கட்டினார்.

எவ்வளவு பெரிய பியூஸ் தேவை என்பதைச் சிறு கணக்கால் அறியலாம். வாட்டை வோல்ட்டால் வகுத்தால் ஆம்பியர். தலா 20 வாட் கொண்ட இரு எல்.இ.டி. விளக்குகள் 12 வோல்ட்டில் ஏறத்தாழ 3.3 ஆம்பியர் கேட்கும். அவற்றுக்கு 5 ஆம்பியர் பியூஸ் போதும். 55 வாட் ஹாலஜன் இரண்டானால் 9 ஆம்பியருக்கும் மேல். சிறிய வண்டியின் மின்னாக்கி அச்சுமையைத் தாங்காது. பேட்டரிதான் சிறிது சிறிதாக வற்றும்.

வற்றுகிறதா என்பதை மல்டிமீட்டர் சொல்லிவிடும். எஞ்சின் ஓடாதபோது நல்ல பேட்டரி 12.6 வோல்ட் அளவில் காட்டும். எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, எல்லா விளக்குகளையும் ஏற்றிப் பார்க்கும்போது 13.5-க்கும் 14.5-க்கும் இடையில் இருந்தால் நலம். 13-க்குக் கீழே நின்றால் வரவைவிடச் செலவு மிகுதி என்று பொருள். 15-ஐத் தாண்டினால் ரெகுலேட்டரைப் பார்க்கவேண்டும். அது பேட்டரியையும் பல்புகளையும் கெடுத்துவிடும்.

1955 முதல் சென்னைத் திருவொற்றியூரில் உருவான ‘புல்லட்’டையும், 1961 முதல் மைசூரில் உருவான ‘ஜாவா’வையும் ஓட்டிய தலைமுறையினர் 6 வோல்ட் விளக்கை அறிவர். எஞ்சின் தளர்ந்தால் விளக்கும் தளரும். ஊருக்குள் மெதுவாகச் செல்லும்போது வழி தெரியாது. இன்றைய வண்டிகள் 12 வோல்ட்டில் இயங்குகின்றன. 2017 ஏப்ரல் முதல் வெளிவரும் இருசக்கர வண்டிகளில் எஞ்சின் ஓடும்போதெல்லாம் முன்விளக்கு தானே எரியும். 2020 ஏப்ரலுக்குப் பின் வந்தவற்றுள் பெரும்பாலானவை எரிபொருளை அளந்து தெளிக்கும் ஒரு சிறு கணினியைச் சுமக்கின்றன. அக்கணினிக்குச் செல்லும் வயர்களில் பல்பை வைத்துச் சோதிப்பதோ, அவற்றைச் சீவி மின்சாரம் எடுப்பதோ கூடாது. அவற்றை மல்டிமீட்டரால் மட்டுமே தொடவேண்டும்.

வேலை முடிந்ததும் பெரியவர் வண்டியை எதிர்ச்சுவரைப் பார்க்க 25 அடி தள்ளி நிறுத்தினார். ஓட்டுபவரையும் பின்னிருப்பவரையும் மூட்டையோடு ஏறி அமரச் சொன்னார். பின்பாரம் ஏறினால் முன்விளக்கு மேலே தூக்குமல்லவா? சுவரில் விழும் ஒளியின் மேல்விளிம்பு விளக்கின் உயரத்துக்குக் கீழே இறங்கும்வரை கூடுதல் விளக்குகளைத் தாழ்த்தி முடுக்கினார். “விளக்கு ரோட்டைப் பார்க்கணும் தம்பி, ஆள் கண்ணைப் பார்க்கக் கூடாது. எதிரே வருகிறவனுக்குக் கண் கூசினால் அவன் ஒதுங்குவது நடக்கிறவர்கள் மேலேதான்” என்றார். கேட்ட கூலியைக் கொடுத்தோம். அது நியாயமான கூலி.

சட்டமும் இதையே சொல்கிறது. 1989-ஆம் ஆண்டின் மத்திய மோட்டார் வாகன விதிகள், அனுமதியின்றி வாகனத்தின் முன்புறத்தில் தேடுவிளக்குகளைப் பொருத்துவதைத் தடுக்கின்றன. காவல் வண்டியைப் போன்று சிவப்பும் நீலமும் சிமிட்டும் விளக்குகளுக்கும் நம் வண்டிகளில் இடமில்லை. கூடுதல் விளக்கு வேண்டுமெனில் மழைக்கும் பனிக்கும் உதவுகின்ற, தாழ்ந்து ஒளிவீசும் விளக்கே தகும். ஊருக்குள்ளும் நடைப்பயணிகளின் அருகிலும் அதையும் அணைத்துவிடலாம்.

மலைப்பொழிவில் நம் ஆண்டவர் விளக்கைத் தண்டின்மேல் வைப்பதைப் பற்றிப் பேசினார். அவ்விளக்கு வீட்டிலுள்ள அனைவருக்கும் உரியது. வைத்தவனின் பெருமைக்காக அது அங்கே ஏற்றப்படவில்லை. பிறர் கண்ணைக் கூசச்செய்யவும் இல்லை. நம் சாலைகளில் ஓடும் விளக்குகளுக்கும் இதுவே அளவுகோல். நான் காண்பதற்காகப் பிறரைக் குருடாக்கும் ஒளி, ஒளி என்னும் பெயருக்குத் தகுதியற்றது. தன் வயரையே எரித்துக்கொண்டு அணையும் விளக்கும், எண்ணெயின்றி மணமகனை எதிர்கொள்ளச் சென்ற கன்னியரின் விளக்கும் ஒரே வகையைச் சேர்ந்தவை.

பெற்றோரே! ஆகஸ்ட் மாதத்தில் உங்கள் பிள்ளைகள் வேளைநகருக்குப் புறப்படுமுன், ஒரு மாலை வேளையில் வண்டியை வீட்டு வாசலில் நிறுத்தச் சொல்லுங்கள். முன்விளக்கு, பின்விளக்கு, பிரேக் விளக்கு, இண்டிகேட்டர், ஹார்ன் ஆகியவற்றை ஒவ்வொன்றாக இயக்கிப் பாருங்கள். எஞ்சினை ஓடவிட்டு ஹேண்டில் பாரை இருபுறமும் முழுதாகத் திருப்புங்கள். ஏதேனும் ஒன்று மினுங்கினாலும் மெக்கானிக்கிடம் அனுப்புங்கள். சரியான அளவுள்ள பியூஸ் இரண்டைப் பெட்டியில் வையுங்கள். நடந்து செல்லும் குடும்பத்தினர் சப்பரத்தின் பின்புறத்திலும் பைகளிலும் ஒளியைத் திருப்பிக் காட்டும் பட்டைகளை ஒட்டிக்கொள்ளுங்கள். அவற்றின் விலை மிகக் குறைவு.

பயணத்துக்கு முன் வண்டியை ஆலய முற்றத்துக்குக் கொண்டுவந்து மந்திரிக்கச் சொல்லும் நல்ல வழக்கம் நம்மிடம் உண்டு. அதை விடவேண்டாம். ஆனால் இறையருள் மனிதரின் கவனத்துக்கு மாற்றாக வருவதில்லை. அந்தக் கவனத்தோடு சேர்ந்தே செயலாற்றுகிறது. எனவே முதலில் பட்டறைக்குச் செல்லுங்கள். பின்னர் பங்குக்குருவிடம் வாருங்கள். தீர்த்தம் தெளிக்க நாங்கள் காத்திருக்கிறோம்.