பார் இல்லாத சைக்கிள்

கொஞ்சம் நீளமான பதிவு. காபி கையில் இருந்தால் நல்லது. கடைசியில் உங்களிடம் ஒரு உதவியும் கேட்கப் போகிறேன், அதனால் பாதியில் போய்விடாதீர்கள்.

குரங்கு பெடல் போட்டு சைக்கிள் கற்றவர்கள் இங்கே எத்தனை பேர்? எங்கள் காலத்தில் மணிக்கு இருபத்தைந்து காசுக்கு வாடகை சைக்கிள். சீட்டில் ஏறினால் கால் எட்டாது. வலது காலை ஃபிரேமின் நடுவே நுழைத்து அந்தப் பக்கத்துப் பெடலைப் பிடித்து, வலது கையால் பாரைக் கட்டிக்கொண்டு, உடம்பைக் கோணலாக வளைத்து அரைப் பெடல் போடுவோம். நாம் காலை நுழைத்த அந்தச் சந்து நமக்காக விட்டதில்லை. சைக்கிளின் பலம் முழுக்க அந்தச் சந்தைச் சுற்றி நிற்கும் மூன்று குழாய்களில்தான் இருக்கிறது.

32 ஆண்டுகள் அரசுப் பள்ளிகளில் இயற்பியல் நடத்தியவன் நான். பிளஸ் ஒன் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் வந்து பள்ளி மைதானத்தில் வரிசையாக நிற்கும்போது, அந்த வாரம் எனக்கு வேறு பாடக்கருவி தேவைப்பட்டதில்லை. முதலில் தென்னை ஈர்க்குச்சிகளும் குண்டூசியும் கொண்டுவரச் சொல்வேன். மூன்று ஈர்க்குச்சிகளை முனையில் குத்திக் கோத்தால் முக்கோணம், எந்தப் பக்கம் அழுத்தினாலும் அசையாது. நான்கைக் கோத்தால் சதுரம் மாதிரி நிற்கும், விரலை வைத்ததும் படுத்துவிடும். குறுக்கே ஐந்தாவது குச்சி ஒன்றை வைத்தால் மறுபடி விறைத்துக்கொள்ளும். பிறகு எல்லாரையும் மைதானத்துக்குக் கூட்டிப்போய், சைக்கிளில் எத்தனை முக்கோணம் என்று எண்ணச் சொல்வேன்.

பையன்களின் சைக்கிளில் எளிது. சீட்டிலிருந்து பின்சக்கரம், அங்கிருந்து பெடல் அச்சு, அங்கிருந்து மறுபடி சீட். இது பின் முக்கோணம். முன்னால் இருப்பது, கூர்ந்து பார்த்தால் முழு முக்கோணம் இல்லை. ஹேண்டில் நுழையும் தலைக்குழாய்க்கு நாலைந்து அங்குல நீளம் இருக்கிறதல்லவா, அதனால் அது ஒரு மூலை வெட்டுப்பட்ட முக்கோணம். வண்டி குழியில் விழும்போதெல்லாம் முன் ஃபோர்க் ஒரு கடப்பாரை போல அந்தத் தலைக்குழாயை நெம்பும். அதைத் தாங்குவது மேலே இருக்கும் பாரும் கீழே சாய்வாக இறங்கும் குழாயும். ஏதாவது சுவரில் நேராக மோதிய சைக்கிளைப் பாருங்கள். தலைக்குழாய்க்குச் சற்றுப் பின்னால், கீழ்க்குழாயின் அடிவயிற்றில் பெயிண்ட் சுருங்கி மடிப்பு விழுந்திருக்கும்.

1885-ல் இங்கிலாந்தின் கவென்ட்ரி நகரத்தில் ஜான் கெம்ப் ஸ்டார்லி கொண்டுவந்த ரோவர் சைக்கிளில் ஆரம்பித்து, அடுத்த சில ஆண்டுகளில் இந்த வைர வடிவ ஃபிரேம் நிலைத்துவிட்டது. இரும்புக்குப் பதில் அலுமினியம் வந்தது, கார்பன் வந்தது. வடிவம் பெரிதாக மாறவில்லை. கம்பிக்குப் பதிலாக ஏன் குழாய் என்பதும் பாடத்தில் வரும். மூங்கிலைச் சொன்னாலே பிள்ளைகளுக்குப் புரிந்துவிடும். அதே எடை உலோகத்தை இரண்டு மடங்கு விட்டமுள்ள, பாதித் தடிமனுள்ள குழாயாக இழுத்தால், வளையாமல் நிற்கும் விறைப்பு நான்கு மடங்காகிறது.

இனி பெண்பிள்ளைகளின் சைக்கிள். பாவாடை, தாவணி, சேலைக்கு வசதியாக மேல் பாரை எடுத்துவிட்டு, அதைக் கீழே இறக்கி இன்னொரு சாய்வுக் குழாயாக வைத்திருப்பார்கள். ஒரு கதவுக்கு இரண்டு கீலையும் மேலே ஒன்று கீழே ஒன்று அடிக்காமல், பக்கத்தில் பக்கத்தில் அடித்தால் என்ன ஆகும்? கதவு நிற்கும். ஆனால் ஒவ்வொரு கீலும் பல மடங்கு இழுபடும். லேடீஸ் சைக்கிளின் தலைக்குழாய்க்கு அதே கதிதான். போதாததற்கு, இறக்கிவைத்த அந்தக் குழாய் பின்னால் போய் முட்டுவது சீட் குழாயின் நடுவயிற்றில். அங்கே வேறு எந்தக் குழாயும் முட்டுக் கொடுத்து நிற்கவில்லை. ஆகவே சீட் குழாய் வளையப் பார்க்கும். தயாரிப்பவர்களுக்கு இது தெரியாமல் இல்லை. கூடுதல் கனம் கொடுத்துச் சரிக்கட்டுவார்கள். பள்ளிக்குப் போய்வரும் பிள்ளைக்கு அது தாராளமாகப் போதும்.

மாவு மூட்டைக்குப் போதுமா என்பதுதான் கேள்வி.

எங்கள் மறைமலை நகரில் காலை ஐந்தரை மணிக்கே தெருத்தெருவாக இட்லி மாவு விற்கும் அம்மா ஒருவர் இருக்கிறார். இரண்டாம் கையாக வாங்கிய லேடீஸ் சைக்கிள், எந்த கம்பெனி என்றே தெரியாத அளவுக்குப் பெயிண்ட் போனது. கேரியரில் இரண்டு பெரிய பக்கெட், ஹேண்டிலில் இரண்டு பை. எப்படியும் முப்பத்தைந்து கிலோ இருக்கும். கம்பெனிகளில் முதல் ஷிஃப்டுக்குப் போகிறவர்களின் வீடுகள்தான் அவருக்கு முக்கிய வாடிக்கை. மகள் காலேஜில் இரண்டாம் வருஷம். இந்த சைக்கிள் ஓடினால்தான் அந்த வீட்டில் ஃபீஸ்.

போன ஆடியில் அது உடைந்தது. நான் சொன்ன அதே இடம், சீட் குழாயின் நடு இணைப்பு. பக்கத்தில் கிரில் கேட் செய்யும் பட்டறையில் கொடுத்து ஆர்க் வெல்டிங் வைத்துக்கொண்டார். நூறு ரூபாய், பத்து நிமிஷம். சரியாக மூன்று வாரம் தாங்கியது. இரண்டாம் முறை ஜி.எஸ்.டி. ரோட்டை ஒட்டிய சர்வீஸ் ரோட்டில், பின்னால் தண்ணீர் லாரி வந்துகொண்டிருக்கும்போது உடைந்தது. டிரைவர் நிதானமானவர், பிரேக் போட்டுவிட்டார். மாவு மட்டும் ரோட்டோடு போயிற்று.

மறுநாள் உடைந்த சைக்கிளைத் தள்ளிக்கொண்டு எங்கள் வீட்டுக்கு வந்தார். "சார், நீங்க சயின்ஸ் வாத்தியார்னு சொன்னாங்க. வெல்டிங் வச்ச எடத்துல ஒடையல சார், அதுக்குப் பக்கத்துல ஒடஞ்சிருக்கு. அது எப்படி?"

பத்து வருஷம் பாடம் நடத்தினாலும் இவ்வளவு நல்ல கேள்வி வராது. குனிந்து பார்த்தேன். அவர் சொன்னது உண்மை. வெல்டிங் மேடு அப்படியே கெட்டியாக இருக்கிறது. மேடு முடிந்து குழாய் தொடங்கும் ஓரத்தில், மயிரிழை போலக் கிளம்பிய வெடிப்பு குழாயைச் சுற்றிவந்திருக்கிறது.

வெல்டிங் மோசமானது என்று நான் சொல்லவரவில்லை. இன்று பெரும்பாலான சைக்கிள் ஆலைகளில் வெல்டிங்தான், ஒழுங்காகச் செய்தால் ஆயுசுக்கும் நிற்கும். ஆனால் கேட்டுக்கு வைக்கும் தடித்த ராடையும் கரன்டையும் ஒன்றரை மில்லிமீட்டர் கூட இல்லாத குழாயில் வைத்தால், ஓரத்தில் குழாயே உருகி அரிபட்டு ஒரு பள்ளம் விழுகிறது. பக்கத்தில் கெட்டியான மேடு, அதையடுத்து மெலிந்த பள்ளம். ஒவ்வொரு குழியிலும் வண்டி குலுங்கும்போது வளைவு முழுக்க அந்த ஒரே கோட்டில் போய்ச் சேரும். ஒரு கம்பியை முன்னும் பின்னும் வளைத்து உடைப்போமே, அதுதான் கதை.

பழைய சைக்கிள்காரர்கள் இதற்கு வேறு வழி வைத்திருந்தார்கள். குழாயை உருக்கவே மாட்டார்கள். குழாய் முனைகள் நுழைகிற மாதிரி லக் என்கிற மூட்டு ஒன்று இருக்கும். குழாயை அதில் செருகி, சூடாக்கி, இடுக்கில் பித்தளையை ஓடவிடுவார்கள். இரும்பு உருக 1,500 டிகிரி செல்சியஸ் பக்கம் வேண்டும், பித்தளைக்கு 900 போதும். இடைவெளி மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கு இருந்தால், விளக்குத் திரியில் எண்ணெய் ஏறுவது போல உருகிய பித்தளை தானே உள்ளே இழுபட்டுப் போகும். இடைவெளி அதிகமானால் ஏறாது. அழுக்கோ துருவோ இருந்தால் ஒட்டாது. அதற்குத்தான் வெங்காரம். நகை ஆசாரி பொடி வைத்து ஊதுகிறாரே, அதன் பெரிய அண்ணன் இந்த வேலை. பித்தளை இரும்பைவிட மெலிந்ததுதான். ஆனால் ஒன்றுக்குள் ஒன்று நுழைந்த பரப்பு முழுவதும் அது பிடித்துக்கொள்வதால் இணைப்பு மெலிவதில்லை.

இணைப்பில்தான் பாரம் அதிகம், சூடும் அங்கேதான் படுகிறது என்பதால் குழாயின் முனையை மட்டும் தடிப்பாகவும் நடுவை மெலிதாகவும் இழுக்கும் முறைக்கு 1897-லேயே ரெனால்ட்ஸ் என்கிற இங்கிலாந்துக்காரர் காப்புரிமை வாங்கிவிட்டார். அவருடைய நிறுவனம் பின்னாளில் டியூப் இன்வெஸ்ட்மென்ட்ஸ் குழுமத்தில் சேர்ந்தது. பெயரைப் பார்த்தால் உங்களுக்கே தெரியும். 1949-ல் அதே குழுமமும் நம் முருகப்பா குழுமமும் கைகோத்து ஆரம்பித்ததுதான் அம்பத்தூர் டி.ஐ. சைக்கிள்ஸ். நம் அப்பாக்கள் ஓட்டிய ஹெர்குலிஸ் அங்கிருந்து வந்தது. 1955-ல் பக்கத்திலேயே ஆவடியில் குழாய் ஆலையும் வந்தது. சைக்கிள் என்பது முக்கால்வாசி குழாய்தானே!

சரி, விஷயத்துக்கு வருகிறேன். பித்தளை வைத்து ஊதும் ஆளைத் தேடி நான்கு நாள் அலைந்தேன். எங்கள் ஊரில் ரோபோ வைத்து கார் பாடிக்கு வெல்டிங் செய்ததைப் பார்த்தவர்கள் நூற்றுக்கணக்கில் இருக்கிறார்கள். கேஸ் விளக்கும் பித்தளைக் கம்பியும் வைத்திருப்பவர் யாருமில்லை. கடைசியில் கூடுவாஞ்சேரிப் பக்கம் ஒரு சந்தில், எழுபது வயதைத் தாண்டிய பாய் ஒருவர் கிடைத்தார். ஃபிரேமை மட்டும் கழற்றி என் டி.வி.எஸ். எக்ஸெல்லில் கட்டிக்கொண்டு போனேன்.

வெல்டிங் மேட்டைப் பார்த்ததும் பாய் முகம் சுளித்தார். "இத ராவி எடுக்கவே ஒரு மணி நேரம் ஆகும் சார். மொதல்லயே கொண்டாந்திருந்தா வேல சுத்தமா இருந்திருக்கும்."

ராவினார். உண்மையாகவே ஒரு மணி நேரம். பளபளவென்று வெள்ளை இரும்பு தெரியும்வரை விடவில்லை. பிறகு மூலையில் கிடந்த பழைய ஃபிரேமிலிருந்து ஒரு சாண் குழாயை அறுத்தார். அதன் நீளவாக்கில் ஒரு பட்டை எடுத்துவிட்டு, வைஸில் வைத்து நசுக்கி விட்டத்தைக் குறைத்து, சீட் குழாயின் மேல்வாய் வழியாக உள்ளே தட்டி இறக்கி, வெடித்த இடத்துக்குப் பின்னால் சரியாக நிறுத்தினார். உள்முட்டு. அதற்குப் பிறகுதான் விளக்கைப் பற்றவைத்தார்.

சுடரை ஒரு இடத்தில் நிறுத்தவே இல்லை, குழாயைச் சுற்றிச் சுற்றித் தடவிக்கொண்டே இருந்தார். வெங்காரம் முதலில் பொரிந்தது, பிறகு கண்ணாடி போல உருகிப் பரவியது. இரும்பு சிவந்ததும் கம்பியை ஒரு முனையில் தொட்டார். பித்தளை அங்கே தேங்கவில்லை, சட்டென்று உள்ளே மறைந்து மறுபக்கத்து வெடிப்பில் மஞ்சள் கோடாக எட்டிப் பார்த்தது. ஒரு தடவை வெள்ளைப் புகை லேசாக வந்ததும் உடனே சுடரை விலக்கிவிட்டார். அது பித்தளையில் இருக்கும் துத்தநாகம் எரிகிற புகை. சூடு அதிகம் என்று அர்த்தம், நுரையீரலுக்கும் ஆகாது. ஜன்னல் திறந்திருந்தது, ஆனாலும் மாஸ்க் போடுங்கள் பாய் என்றேன். சிரித்தார்.

தண்ணீர் ஊற்றி ஆறவைப்பீர்களா என்றும் கேட்டுவைத்தேன். "அவசரம் இருக்கிறவங்க செய்வாங்க. தானா ஆறட்டும் சார், டீ சாப்பிடுவோம்."

கூலி 400 ரூபாய். கொடுத்துவிட்டுக் கிளம்பும்போது அவரே சொன்னார்: "ஒரு வருஷம் ரெண்டு வருஷம் ஓடும். ஆனா இந்த லோடுக்கு இந்த வண்டி இல்ல. பால்காரங்க ஓட்டுவாங்களே டபுள் பார், அது வாங்கித் தரச் சொல்லுங்க."

அவர் சொல்வது இயற்பியல்படி நூற்றுக்கு நூறு சரி. மேல் பார் ஒன்று, அதன் கீழே இன்னொன்று. அந்த அம்மாவிடம் அப்படியே சொன்னேன். எப்படி எடுத்துக்கொள்வாரோ என்று தயங்கித்தான் சொன்னேன். அவருக்குத் தயக்கமே இல்லை. "நான் சுடிதார்தான் சார் போட்டு ஓட்டறேன், எனக்கென்ன. பார் இருந்தா அதுல ரெண்டு பை மாட்டிக்கலாம்." வீட்டில்தான் தகராறு. இந்த வயசில் ஆம்பிளை சைக்கிளில் காலைத் தூக்கிப் போட்டுப் போவதா என்று கொழுந்தனார் குதித்தாராம். "அவரு வந்து மாவு வித்துக் குடுப்பாரா சார்?" என்றார்.

இந்த இடத்தில் எனக்குப் புதுக்கோட்டை ஞாபகம் வந்தது. 1990-களின் தொடக்கத்தில் அறிவொளி இயக்கத்தோடு சேர்த்து, ஆட்சியர் ஷீலா ராணி சுங்கத் காலத்தில், அந்த மாவட்டத்துப் பெண்கள் ஆயிரக்கணக்கில் சைக்கிள் கற்றார்கள். குவாரியில் கல் உடைத்தவர்கள், கூலி வேலைக்குப் போனவர்கள். பத்திரிகையாளர் சாய்நாத் அதை விரிவாக எழுதியிருக்கிறார். லேடீஸ் சைக்கிளுக்குத் தட்டுப்பாடு வந்தபோது பலர் ஜென்ட்ஸ் சைக்கிளிலேயே பழகினார்கள், சிலர் அதுதான் வேண்டும் என்றே சொன்னார்கள் என்கிறார். காரணம், பாரில் குழந்தையை உட்காரவைக்கலாம். முப்பது வருஷத்துக்கு முன்பே முடிந்துபோன விவாதம் என்று நான் நினைத்திருந்தது, எங்கள் தெருவில் இன்னும் முடியவில்லை.

இப்போது உதவி. புது டபுள் பார் வாங்க அவரால் இப்போதைக்கு முடியாது, சும்மா கொடுத்தால் வாங்கமாட்டார். தாம்பரம் முதல் செங்கல்பட்டு வரை யார் வீட்டு மாடிப்படிக்கு அடியிலாவது அப்பாவின் பழைய டபுள் பார் சும்மா கிடந்தால், நியாயமான விலை சொல்லி இன்பாக்ஸில் எழுதுங்கள். 22 இன்ச் வேண்டும், 24 அவருக்கு எட்டாது. டயர், டியூப், பால்ரஸ், செயின் எது போயிருந்தாலும் பரவாயில்லை, அதை நான் பார்த்துக்கொள்கிறேன். ஃபிரேமை மட்டும் ஒரு ஈரத்துணியால் துடைத்துவிட்டு மூன்று இடங்களைப் படம் எடுத்து அனுப்புங்கள்: தலைக்குழாய்க்குப் பின்னால் கீழ்க்குழாயின் அடிப்பக்கம், பெடல் அச்சைச் சுற்றி, சீட் போல்ட்டுக்குக் கீழே. லக் ஓரத்தில் பெயிண்ட் மயிரிழையாகப் பிளந்து துருக்கோடு தெரிந்தால் அதையும் மறைக்காமல் சொல்லுங்கள். பாய் ஞாயிறு தவிர எல்லா நாளும் கடையில் இருப்பார்.