கொல்லைப்புறத்துப் பட்சிகள்

ராசிபுரத்திலிருந்து ஆத்தூர் செல்லும் சாலையில் இருக்கிறது நாமகிரிப்பேட்டை. பெயரைக் கேட்டதும் நாதஸ்வர வித்வான் கிருஷ்ணன் நேயர்களின் நினைவுக்கு வருவார். நாம் அங்கே சென்றதோ, நண்பர் வீட்டுக் கொல்லையில் பட்சிகளைப் படம் பிடிப்பதற்கு.

விடியற்காலையில் காமிராவுடன் கிணற்றடியில் அமர்ந்தோம். தவிட்டுக் குருவிகள் கூட்டமாக இறங்கிச் சருகைக் கிளறின. செண்பகம் ஒன்று வேலியோரம் கம்பீரமாக நடை பயின்றது. முருங்கைப் பூவை நாடிய தேன்சிட்டு மட்டும் அரை நிமிஷங்கூட நிலைகொள்ளவில்லை.

எலுமிச்சைச் செடியில் சின்னான் கூடு ஒன்று தென்பட்டது. உள்ளே மூன்று முட்டைகள். இலைகள் வெளிச்சத்தை மறைத்தன. இரண்டு கிளைகளை ஒடித்துவிட்டால் என்ன என்ற சபலம் நமக்கு உண்டாயிற்று. வீட்டுப் பாட்டியார் தடுத்தார்.

"வேண்டாமுங்க. அந்த எலதானுங்க அதுக்குக் கூரை. ஒடிச்சுப்போட்டா காக்காய்க்கும் செம்போத்துக்கும் கண்ணுல பட்டுருமுங்க."

நாம் கம்பீரமென்று வியந்த செண்பகம், கூடுகளைச் சூறையாடும் கள்ளன்!

அப்போது மற்றொரு கிருஷ்ணன் நினைவுக்கு வந்தார். நாவலாசிரியர் அ. மாதவையாவின் புதல்வர் மா. கிருஷ்ணன் (1912–1996) வெவ்வேறு உறுப்புகளை இணைத்துத் தாமே ஒரு காமிரா அமைத்துக்கொண்டவர். வனஜீவிகளைக் கறுப்பு வெள்ளையில் படம் பிடித்துப் புகழ் பெற்றவர். கருவியை நாமே செய்துகொள்ளலாம். பொறுமையை எந்தக் கடையிலும் வாங்க இயலாது.

கூட்டைப் படம் பிடிக்காமலே திரும்பினோம். பொங்கல் விடுமுறையில் பட்சிகளைக் கணக்கெடுக்கும் வழக்கம் இன்று தமிழ்நாட்டில் உண்டு. அதற்குக் காமிராவும் வேண்டியதில்லை. கொல்லையில் 15 நிமிஷம் நின்று பார்த்தாலே போதும். நேயர்கள் முயன்று பார்ப்பார்களாக!