ஆட்டு நரம்பும் நோட்டுஸ்வரமும்

1827-ல் வியன்னாவில் பீத்தோவன் இறந்தார். அதே வருஷம் தஞ்சாவூரில் சியாமா சாஸ்திரியும் இறந்தார். இது தெரிஞ்சப்போ எனக்கு ஒரு மாதிரி ஆயிடுச்சு. ஒண்ணு 'வெஸ்டர்ன்', இன்னொண்ணு 'நம்மது'ன்னு தனித்தனி அலமாரியில வச்சே பழகிட்டோம். ரெண்டு பேரும் ஒரே காலத்து ஆளுங்கன்னு எந்த கிளாஸ்லயும் யாரும் சொன்னதில்லை.

அந்த ரெண்டு அலமாரிக்கும் நடுவுல ஒரு கதவும் இருந்திருக்கு. முத்துசுவாமி தீட்சிதர் குடும்பம் மணலி முதலியார் ஆதரவில் மெட்ராஸ் பக்கம் இருந்த காலத்தில், செயின்ட் ஜார்ஜ் கோட்டை பேண்டு வாசித்த மெட்டுகளைக் கேட்டார் தீட்சிதர். அவற்றுக்கு சமஸ்கிருதத்தில் சாகித்யம் எழுதினார். ஏறக்குறைய 40 பாட்டு, எல்லாமே சங்கராபரணம். அவைதான் நோட்டுஸ்வரங்கள். அவர் தம்பி பாலுசுவாமி ஓர் ஐரோப்பியரிடம் வயலின் கற்று, அதைக் கர்நாடக இசைக்குள் கொண்டுவந்தார்.

அந்தக் காலத்து வயலினில் ஸ்டீல் தந்தி கிடையாது. திரித்த ஆட்டுக்குடல்தான். தாடை வைக்கும் கட்டையும் கிடையாது, அதை ஷ்போர் என்கிற ஜெர்மன் வயலின்காரர் 1820 வாக்கில்தான் கண்டுபிடித்தார். சரி, அந்தச் சத்தம் எப்படித்தான் இருந்திருக்கும்? கூகுளில் கேட்டால் லண்டன் குழுக்கள் ஹைடன் வாசிக்கிற வீடியோ வருது. நோட்டுஸ்வரத்துக்கு நாமே செஞ்சு பார்த்தால் என்ன?

என்னோட வாசிக்கிற நண்பன் குரோம்பேட்டைக்காரன், சர்ச்சில் வயலின் வாசிப்பவன். அவன் சித்தப்பா வெளிநாட்டிலிருந்து வரும்போது ரெண்டு செட் குடல் தந்தி வாங்கிட்டு வந்தார். தாடைக்கட்டையைக் கழட்டினோம். வில் மட்டும் இப்போதைய வில்தான், அதனால இது முழு 'பீரியட்' வாத்தியம்னு பீத்திக்க மாட்டேன்.

சேலையூர் வீட்டில் பாட்டிக்கு விஷயம் தெரிஞ்சதும் ஆரம்பிச்சுது.

"ஆட்டுக்குடலா? சரஸ்வதி பூஜைக்குப் புஸ்தகத்தோட வைக்கிற பொருள்டா அது!"

"மிருதங்கத்துக்குத் தோல் எங்கேருந்து பாட்டி வருது?"

"அது வேற."

எப்படி வேறன்னு கடைசி வரைக்கும் சொல்லலை. வயலின் பூஜை ரூமிலிருந்து ஃபிரிட்ஜ் மேலே குடிபோச்சு. எனக்கு ஒண்ணு தோணுச்சு: யாழோட தந்தியைப் பழைய தமிழில் 'நரம்பு'ன்னுதான் சொல்லியிருக்காங்க. நரம்புக் கருவின்னு இன்னிக்கும் சொல்றோம். பாஷைக்குக் கூச்சம் இல்லை, நமக்குத்தான்.

வாசிக்கிறதுல ஒரு இன்ஜினியரிங் பிரச்னையும் இருக்கு. வெஸ்டர்ன் வயலினில் கடைசித் தந்தி ஈ, 659 ஹெர்ட்ஸ். நான் மூணு கட்டை சுருதியில் ஸ-ப-ஸ-ப வைக்கிறதால அது பி-க்கு, 494-க்கு இறங்குது. இழுவிசை அதிர்வெண்ணின் வர்க்கத்தைப் பொறுத்தது இல்லையா? அதே தந்தியில் 56 சதவீத இழுவிசைதான் மிச்சம். சத்தம் மெலிசாகி, கொஞ்சம் காத்து கலந்த குரல் மாதிரி ஆயிடுது. மழை நாளில் ஒரு பாட்டு முடியறதுக்குள்ள சுருதி நகர்ந்துடும். நண்பனுக்கோ மூணு கட்டைன்னா ஈ மேஜர், நாலு ஷார்ப். "உங்க தீட்சிதர் சி-யில போட்டிருக்கக் கூடாதாடா?"ன்னு புலம்புவான்.

ஒரு ஞாயித்துக்கிழமை எங்க ஹாலில் நின்னு அவன் 'ரேக்ஸ் ஆஃப் மேலோ'ங்கிற பழைய ஐரிஷ் நடன மெட்டை வாசிச்சான். சமையல்கட்டிலிருந்து பாட்டி கூடவே பாட ஆரம்பிச்சுட்டாங்க. 'வந்தே மீனாக்ஷி'. அதே மெட்டு.

"பாட்டி, இது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"எட்டு வயசுல பாட்டு டீச்சர் சொல்லிக் குடுத்தது. உனக்கு எப்படிடா தெரியும்?"

ரெண்டு பேரும் கொஞ்ச நேரம் என்னையே பார்த்தாங்க, நான்தான் ஏதோ ஏற்பாடு பண்ணின மாதிரி.

அப்புறம் ஒரு கல்ச்சுரல்ஸ் ஆடிஷன். எந்தக் காலேஜ்னு சொல்லலை. "சவுண்டு பத்தலை ப்ரோ, பிக்-அப் மாட்டிட்டு வாங்க"ன்னாங்க. ஆயிரம் பேர் ஆடிட்டோரியத்துக்கு அவங்க சொன்னது நியாயம்தான். ஆனா பிக்-அப் மாட்டினால் நாங்க தேடின சத்தமே போயிடும். அதனால ஒரு டுடோரியல் ரூமில் ஃபேனை நிறுத்திட்டு வாசிச்சோம். இருபது பேர் இருந்திருப்பாங்க. எல்லாருக்கும் வேர்த்துக் கொட்டுது. முதல் ரெண்டு நிமிஷம் செருப்புத் தேய்க்கிற சத்தம், போன் அதிர்ற சத்தம். அப்புறம் தானா அடங்கிடுச்சு. 'காட் சேவ் தி கிங்' மெட்டில் அமைஞ்ச 'சந்ததம் பாஹிமாம்' வந்தப்போ, கடைசி பெஞ்சிலிருந்த மெக்கானிக்கல் பையன் பெஞ்சோட முன்னாடி நகர்ந்து வந்தான். மைக் இருந்திருந்தால் நகர்ந்திருக்க மாட்டான்.

பாட்டியும் ஷேர் ஆட்டோ புடிச்சு வந்திருந்தாங்க. "மெதுவா, நல்லா இருக்குடா"ன்னாங்க. வயலின் இன்னும் ஃபிரிட்ஜ் மேலேதான். சரஸ்வதி பூஜைக்கு ரெண்டு மாசம் இருக்கு, பேச்சுவார்த்தை நடக்குது.